ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடும்போது எங்கே சிக்குகிறது, எப்படி அவிழ்ப்பது

ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றின் வேர்களைத் தேடுகிறவர் இரண்டு மூன்று தலைமுறை வரை தடையில்லாமல் போய்விடுவார். பிறகு ஓரிடத்தில் தேடல் நின்றுவிடும். பெயர் வராது, வந்தாலும் ஒரே பெயரில் ஓர் ஊரே திரண்டு வரும், வயது இடிக்கும், தந்தையின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருக்கும். ‘ஆவணம் தொலைந்துவிட்டது’ என்று முடிவுகட்டிப் பலர் அங்கேயே கைவிடுகிறார்கள். பெரும்பாலும் ஆவணம் தொலைவதில்லை. வேறு எழுத்துக்கூட்டலில், வேறு பதிவேட்டில், வேறு ஏதோ காரணத்துக்காக எழுதிய ஒரு வரியாக அது காத்திருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் தீர்வுகளில் பல அதில்தான் போய் முடிகின்றன. ஸ்காட்லாந்தில் திருமணமான பெண் சட்டத்தின் கண்ணில் தன் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. இறப்புப் பதிவு, உயில், கல்லறைக் கல் என்று எங்கும் அந்தப் பெயர் கூடவே வருகிறது. 1855 முதல் திருமணப் பதிவில் மணமக்களின் பெற்றோர் நால்வருக்கும் இடம் உண்டு. இங்கிலாந்தின் திருமணப் பதிவிலோ தாயின் பெயருக்கு 2021 வரை இடமே இல்லை. ஆகவே வழி அடைபட்டால் ஆணின் பெயரையே சுற்றிச் சுற்றி வராதீர்கள். அவருடைய மனைவி, தாய், மாமியார் பெயர்களைப் பிடியுங்கள்.

தேடலுக்கு முதன்மையான இடம், ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் இணையதளம். பதிவு செய்துகொண்டால் பெயர்ச் சுட்டில், அதாவது பதிவுகளுக்கான பெயர்ப் பட்டியலில், பெரும்பாலும் இலவசமாகத் தேடலாம். மூலப் பக்கத்தின் படத்தைத் திறக்கத்தான் பணம். சுட்டை மட்டும் பார்த்து யாரையும் உங்கள் குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள். தேவையான செய்தி பெரும்பாலும் மூலப் பக்கத்தில்தான் இருக்கும், சில நேரம் அதன் ஓரக் குறிப்பில்.

பெயரைத் தட்டினால் எதுவுமே வரவில்லை

எழுத்துக்கூட்டலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் வெகுதூரம் வரை ஒரு குடும்பப் பெயரை எப்படி எழுதுவது என்பதை எழுத்தரின் காதுதான் தீர்மானித்தது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் தந்தை கின்கார்டின்ஷயரிலிருந்து தெற்கே வந்தவர். தன் பெயரை ‘பர்னெஸ்’ என்று எழுதினார். கவிஞர் 1786இல்தான் ‘பர்ன்ஸ்’ என்ற வடிவத்துக்கு மாறினார். ஆனால் 1759 ஜனவரியில் ஏர் பாரிஷ் (பாரிஷ் என்பது ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) பதிவேட்டில் அவருடைய ஞானஸ்நானத்தை எழுதியவர் அப்போதே தந்தையையும் மகனையும் ‘பர்ன்ஸ்’ ஆக்கிவிட்டார். குடும்பம் எப்படி எழுதியது என்பது ஒன்று, பதிவேடு எப்படி எழுதியது என்பது வேறொன்று. தேடும்போது பதிவேட்டின் பக்கம் நின்று தேடுங்கள்.

‘மேக்’ என்று தொடங்கும் பெயர்களில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. அதே பெயர் ‘மேக்’ என்றும், ‘மெக்’ என்றும், ‘எம்’ எழுத்துக்குப் பின் ஒரு மேற்கோள் புள்ளியோடும் வரும். சில குடும்பங்கள் தாழ்நிலப் பகுதிக்குக் குடிபெயர்ந்ததும் முன்னொட்டையே உதறிவிட்டன. நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால் பல வடிவங்கள் ஒருசேர விழும். முன்னொட்டு இல்லாமலும் ஒருமுறை தேடுங்கள்.

முதற்பெயரும் ஏமாற்றும். டொனால்ட் என்பவர் இன்னோர் ஆவணத்தில் டேனியல் ஆக இருப்பார். பீட்டரும் பேட்ரிக்கும் ஒரே ஆள். ஜீன், ஜேன், ஜேனட், ஜெஸ்ஸி நான்கும் ஒரே பெண்ணுக்கு வெவ்வேறு காலத்தில் வரலாம்; ஆக்னஸ் நான்சி ஆவார்; எல்ஸ்பெத், எலிசபெத், இசபெல் மூன்றும் ஒன்றுக்கொன்று மாறி வரும். கேலிக் மொழி பேசிய வட்டாரங்களில் வீட்டில் டோர்மோட் என்று அழைக்கப்பட்டவரை எழுத்தர் நார்மன் என்று எழுதினார். இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் தேடினால் பக்கத்து வரியில் இருப்பவரையும் தாண்டிப் போய்விடுவீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் கிடைக்கவில்லையென்றால் குழந்தையின் பெயரையே விட்டுவிடுங்கள். ஃபேமிலிசர்ச் என்ற இலவசத் தளத்தில் பெற்றோர் இருவரின் பெயர்களை மட்டும் கொடுத்துத் தேடலாம். தந்தை பெயர் எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் சேர்ந்தால் அந்தத் தம்பதி தனித்து நிற்கும். அவர்களுடைய பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். நீங்கள் தேடியவரும் ஏதோ ஒரு புதிய எழுத்துக்கூட்டலில் அதற்குள் இருப்பார்.

ஒரே பெயரில் பத்துப் பேர் வருகிறார்கள்

லூயிஸ் தீவில் மெக்லியோட், ஸ்கை தீவில் மெக்டொனால்ட், வடகிழக்குக் கடற்கரையில் பக்கி, போர்ட்நாக்கி போன்ற மீனவர் ஊர்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பப் பெயர்கள். இங்கெல்லாம் பெயரும் வயதும் மட்டும் ஒத்துப்போனால் எதுவும் நிரூபணமாகாது. மீனவர் ஊர்களில் இந்தக் குழப்பத்தை மக்களே தீர்த்துக்கொண்டார்கள்: ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப் பெயர். அது பேச்சில் மட்டும் நிற்கவில்லை. அரசுப் பதிவேட்டிலும் வாக்காளர் பட்டியலிலும் பெயருக்குப் பக்கத்தில் ஏறியது. பெயர்ச் சுட்டில் அது விடுபட்டிருக்கலாம், படத்தில் இருக்கும். ஷெட்லாந்திலோ 19ஆம் நூற்றாண்டு வரையிலும் தந்தையின் முதற்பெயரோடு ‘மகன்’ அல்லது ‘மகள்’ சேர்த்தே குடும்பப் பெயர் அமைந்தது. அங்கே தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறுவது இயல்பு. அதைப் பிழை என்று எண்ணிப் பின்வாங்க வேண்டாம்.

இந்த நிலையில் உதவும் இன்னொரு கருவி, பெயர் சூட்டும் மரபு. நம் குடும்பங்களில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது போலவேதான்: முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தா, இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா, மூன்றாம் மகனுக்குத் தந்தை, முதல் மகளுக்குத் தாய்வழிப் பாட்டி, இரண்டாம் மகளுக்குத் தந்தைவழிப் பாட்டி. பர்ன்ஸ் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தவர் ராபர்ட், தந்தைவழித் தாத்தா ராபர்ட் பர்னெஸ். அடுத்தவர் கில்பர்ட்; தாய்வழித் தாத்தா கில்பர்ட் பிரவுன். மூத்த மகள் ஆக்னஸ். தாய்வழிப் பாட்டி ஆக்னஸ் ரென்னி. மூன்றாம் மகன் வில்லியம், தந்தையின் பெயரே. இதுவரை அச்சுப் பிசகவில்லை. ஆனால் இரண்டாம் மகள், பாட்டி இசபெல்லா கீத்தின் பெயரைப் பெற்றிருக்க வேண்டும். அவர் பெயர் அனபெல்லா. இசபெல்லா என்ற பெயர் 1771இல் பிறந்த கடைசி மகளுக்குத்தான் கிடைத்தது.

மரபு உங்களுக்கு ஓர் ஊகத்தைத் தரும், ஆதாரத்தைத் தராது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பத்து ஜான்களில் யார் நம்மவர் என்று தெரியாதபோது, எந்த ஜானின் பெற்றோர் பெயர் அவருடைய பிள்ளைகளிடம் திரும்பி வருகிறது என்று பாருங்கள். பிறகு இறப்புப் பதிவைத் திறந்து தாயின் பெயரை ஒப்பிடுங்கள். ஒத்துவராத மற்ற ஜான்களும் எப்போது, எங்கே இறந்தார்கள் என்று பார்த்து ஒவ்வொருவராக நீக்குங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் கட்டிய குடும்ப மரங்கள் இணையத்தில் ஏராளம். அவற்றை நம்பி அடுத்தவர், அவரை நம்பி இன்னொருவர் என்று ஒரே பிழை பரவிக்கொண்டே போகிறது.

1855ஐத் தாண்டிப் பின்னால் போக முடியவில்லை

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே கட்டாயமாகப் பதியத் தொடங்கிய நாள் 1855 ஜனவரி 1. அதற்கு முன்னால் இருப்பவை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பாரிஷ் பதிவேடுகள்; அவற்றில் மிகப் பழையது பெர்த்ஷயரின் எரல் பாரிஷில் 1553இல் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. பலர் அதில்தான் விழுகிறார்கள்.

பள்ளத்தின் மேல் ஒரு பாலமும் இருக்கிறது. அதன் பெயர் 1855. அந்த முதல் ஆண்டில் பதிவாளர்களிடம் கொடுத்த படிவம் பேராசையோடு தயாரிக்கப்பட்டது. 1855ஆம் ஆண்டின் இறப்புப் பதிவு ஒன்றைத் திறந்து இடமிருந்து வலமாகப் படித்துப் பாருங்கள். பெயர், தொழில், வயது. பிறகு, அவர் பிறந்த ஊர். இந்த வட்டாரத்துக்கு வந்து எவ்வளவு காலம். பிறகு தந்தையின் பெயரும் தொழிலும், தாயின் பெயரும் பிறந்த வீட்டுப் பெயரும். பிறகு துணைவர் பெயர். அதன் கீழே பிள்ளைகள், பிறந்த வரிசையில், வயதோடு. இறந்துபோன குழந்தைகளும் எந்த வயதில் இறந்தார்கள் என்ற குறிப்போடு அதே வரிசையில் நிற்பார்கள். பிறகு நோய், எத்தனை நாள் படுத்திருந்தார், மருத்துவர் கடைசியாக எப்போது பார்த்தார். பிறகு அடக்கம் செய்த இடம். கடைசியில் தகவல் தந்தவரின் கையெழுத்து, அல்லது எழுதத் தெரியாதவரானால் ஒரு பெருக்கல் குறி. 18ஆம் நூற்றாண்டில் பிறந்து எந்த ஞானஸ்நானப் பதிவும் இல்லாமல் வாழ்ந்து முடித்த ஒரு மூதாட்டியின் குடும்பம் முழுவதும் அந்த ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும். இதைக் காணும்போது மனம் நெகிழாமல் இருப்பது கடினம்.

இவ்வளவு எழுதுவது பதிவாளர்களுக்குத் தாங்கவில்லை. 1856இலேயே பல கட்டங்களை நீக்கிவிட்டார்கள். இறப்புப் பதிவில் துணைவரின் பெயர் போய் 1861இல்தான் திரும்பியது. பிள்ளைகள் பட்டியலும் பிறந்த இடமும் திரும்பவே இல்லை. பிறப்புப் பதிவில் பெற்றோரின் திருமண நாளும் ஊரும் 1855இல் உண்டு. 1856 முதல் 1860 வரை இல்லை. 1861 முதல் மறுபடி உண்டு.

உங்கள் மூதாதையர் 1858இல் இறந்திருந்தால் என்ன செய்வது? அவரோடு நிற்காதீர்கள். அவருடைய அண்ணன், அக்கா, மாமன் மகன் என்று யாராவது 1855இல் இறந்தாரா, யாருக்காவது அந்த ஆண்டில் குழந்தை பிறந்ததா என்று பாருங்கள். 1855இல் பிறந்த தம்பியின் பதிவில் பெற்றோரின் வயதும், அவர்கள் பிறந்த ஊரும், மணம் முடித்த ஊரும், மூத்த பிள்ளைகளின் எண்ணிக்கையும் கிடைக்கும். நேர்வழியில் இல்லாத உறவினர்தான் பல நேரம் வழி காட்டுகிறார்.

ஓர் எச்சரிக்கை. இறப்புப் பதிவில் இருப்பதெல்லாம் இறந்தவர் சொன்னதல்ல, தகவல் தந்தவர் சொன்னது. மகள் கையெழுத்திட்டிருந்தால் பாட்டியின் பெயர் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்து வீட்டுக்காரரோ விடுதிக் கண்காணிப்பாளரோ கையெழுத்திட்டிருந்தால் இன்னொரு ஆவணம் சொல்லும்வரை ஐயத்தோடேயே வைத்திருங்கள்.

ஞானஸ்நானப் பதிவு இல்லவே இல்லை

1783 முதல் 1794 வரையிலான ஆண்டுகளா என்று முதலில் பாருங்கள். பாரிஷ் பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு பதிவுக்கும் அரசு அப்போது 3 பென்ஸ் முத்திரை வரி போட்டது. பரம ஏழைகளுக்கு விலக்கு உண்டு. மற்றவர்களில் பலர் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் பதிவை மட்டும் தவிர்த்தார்கள்.

அடுத்த கேள்வி: குடும்பம் எந்தச் சபையைச் சேர்ந்தது? ‘பாரிஷ் பதிவேடு’ என்று நாம் சொல்வது அரசு ஏற்ற திருச்சபையின் பதிவேட்டை மட்டுமே. 1733இலும் 1761இலும் பிரிந்து போன சபைகள் உண்டு. 1843 மே மாதத்தில் எடின்பரோவில் நடந்த பெரும் பிளவில் 450க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையை நிறுவினார்கள்; மேட்டுநிலத்தில் பல ஊர்களில் மக்களும் ஏறக்குறைய மொத்தமாக அவர்கள் பின்னால் போனார்கள். 1843க்கும் 1855க்கும் இடையில் பிறந்த குழந்தை காணவில்லையென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பாரா, தெற்கு உயிஸ்ட், மொய்டார்ட் பகுதியென்றால் கத்தோலிக்கப் பதிவேடுகளைத் தேடுங்கள். அவையும் அதே தளத்தில் இருக்கின்றன. வடகிழக்கில் எபிஸ்கோப்பல் சபையையும் மறக்க வேண்டாம்.

1854ஆம் ஆண்டின் பக்கங்களையும் புரட்டுங்கள். அரசுப் பதிவு வரப்போகிறது என்று தெரிந்ததும் சில பெற்றோர் ஓடிப்போய் தங்கள் பிள்ளைகள் அனைவரையும் ஒரே நாளில் பதிந்தார்கள். 1838இல் பிறந்தவரின் பதிவு 1854இன் கடைசிப் பக்கத்தில் அண்ணன் தம்பிகளோடு கிடைக்கலாம். 1801 முதல் 1854 வரை விடுபட்டவற்றைப் பின்னர் சான்றோடு சேர்த்த தனிப் பதிவேடு ஒன்றும் உண்டு. பலர் அதைத் திறப்பதே இல்லை.

இவை எதிலும் இல்லையென்றால் கிர்க் செஷன் ஏடுகளுக்கு வாருங்கள். போதகரும் மூப்பர்களும் சேர்ந்த அந்த அவை பாரிஷின் நீதிமன்றமாகவும், ஏழைகளின் பண்டகசாலையாகவும் இருந்தது. யாருக்கு எத்தனை பென்ஸ் உதவி, யார் எந்த ஊரிலிருந்து நற்சான்றிதழோடு வந்தார், யார் கிளம்பிப் போனார் எல்லாம் அதில் உண்டு. அடக்கப் பதிவுகள் ஸ்காட்லாந்தில் அரிது. ஆனால் பிணத்தின் மீது போர்த்தும் கறுப்பு வெல்வெட் துணியைச் செஷன் வாடகைக்கு விட்டது. அந்த வாடகை வரவில் இறந்தவரின் பெயரும் நாளும் இருக்கும். கணக்கு எழுதியவர் ஏழைகளின் நிதிக்குக் காசு சேர்த்தார். நமக்கு ஓர் இறப்புப் பதிவைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். 2021 முதல் இந்த ஏடுகளை ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் தளத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். பெரும்பாலானவற்றுக்குப் பெயர்ச் சுட்டு இல்லை. பொறுமைதான் சுட்டு.

ஒரே தம்பதிக்கு இரண்டு திருமணத் தேதி, அல்லது ஒன்றுமே இல்லை

இரண்டு தேதி என்றால் கவலை வேண்டாம். பாரிஷ் பதிவேடு பெரும்பாலும் குறிப்பது திருமண ஓலையை, அதாவது நடக்கப்போகும் திருமணத்தை ஆலயத்தில் அறிவிக்கும் அறிக்கையை, வாசித்த நாளை. மணமகன் ஒரு பாரிஷ், மணமகள் வேறு பாரிஷ் என்றால் இரண்டிலும் ஓலை வாசிக்கப்பட்டிருக்கும். இரண்டு பதிவுகளையும் பாருங்கள்; ஒன்றில் இல்லாத தந்தையின் பெயர் மற்றதில் இருக்கலாம்.

ஒன்றுமே இல்லையென்றால், அது செல்லாத திருமணம் என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்காட்லாந்துச் சட்டப்படி இருவர் தாங்கள் கணவன் மனைவி என்று மனமொத்து அறிவித்தால் அதுவே திருமணம். போதகர் தேவையில்லை, ஆலயம் தேவையில்லை. இந்த முறை 1940 ஜூலை வரை செல்லுபடியாக இருந்தது. இங்கிலாந்துக் காதலர்கள் எல்லையைத் தாண்டி கிரெட்னா கிரீனுக்கு ஓடியது இந்தச் சட்டத்தை நம்பித்தான். இப்படிச் சேர்ந்தவர்களைச் சபை பின்னர் அழைத்துக் கண்டித்து, அபராதம் வாங்கி, ஏற்றுக்கொள்ளும். அந்தக் காட்சி செஷன் ஏட்டில் இருக்கும். பர்ன்ஸும் ஜீன் ஆர்மரும் 1788 ஆகஸ்ட் 5 அன்று மாக்லின் செஷன் முன் வந்து தங்கள் ஒழுங்கற்ற திருமணத்தை ஒப்புக்கொண்டார்கள். பர்ன்ஸ் ஏழைகளுக்காக ஒரு கினி கொடுத்தார். அது செஷன் ஏட்டில் பதிவாகியிருக்கிறது.

தந்தையின் பெயர் காலியாக இருக்கிறது

திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையின் பிறப்புப் பதிவில், தந்தையும் நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் அவர் பெயர் ஏறும். வராதவரின் கட்டம் காலி. படத்தைத் திறந்து ஓரத்தைப் பாருங்கள். அங்கே திருத்தப் பதிவேட்டைச் சுட்டும் ஒரு குறிப்பு இருந்தால், தாய் ஷெரிஃப் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, இன்னார்தான் தந்தை என்று தீர்ப்பு வாங்கியிருக்கலாம். திருத்தப் பதிவேட்டின் பக்கத்தில் அந்த ஆளின் பெயரும் தொழிலும் இருக்கும். நீதிமன்ற ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கலாம்.

ஓரக் குறிப்பு இல்லையென்றால், அந்தக் குழந்தை வளர்ந்து மணம் முடித்த பதிவைத் திறங்கள். பலர் அங்கே தந்தையின் பெயரைச் சொல்லியிருப்பார்கள். பெற்றோர் பின்னாளில் மணந்துகொண்டார்களா என்றும் பாருங்கள்: அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் அப்படி மணந்தால் குழந்தை சட்டபூர்வமாகிவிட்டது, இங்கிலாந்துக்கு அந்த விதி 1926இல்தான் வந்தது.

1855க்கு முன்னால் என்றால் மறுபடியும் செஷன் ஏடுதான். அங்கே அந்தப் பெண்ணை வரவழைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். ஆண் மறுப்பார், மறுபடி கூட்டம், மறுபடி விசாரணை. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சபை முழுவதும் பார்க்க நிறுத்துவார்கள். இவை படிக்கக் கசப்பானவை. வேலைக்காரப் பெண்களே மிகுதியாக அந்த ஏடுகளில் வருகிறார்கள். அவர்களைப் பற்றி உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே எழுத்து சில நேரம் அந்த விசாரணைதான். கிடைத்த செய்தியைக் குடும்பத்தாரிடம் சொல்லும்போது அந்தப் பெண்ணின் மானத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

1841 கணக்கெடுப்பில் வயது ஒத்துவரவில்லை

ஒத்துவராது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை அதற்குக் கீழே உள்ள ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதும்படி அந்த ஆண்டு சொல்லியிருந்தார்கள். 44 வயதுக்காரர் 40 ஆவார். உறவுமுறை எழுதவில்லை, ஒரே வீட்டில் இருப்பதால் மட்டும் மனைவி, மகள் என்று கொள்ளக் கூடாது. பிறந்த ஊருக்குப் பதில் ‘இதே கவுண்டியா (மாவட்டமா), ஆம் அல்லது இல்லை’ மட்டும். 1851இல் இருந்து நிலைமை சீராகிறது; அங்கே தொடங்கிப் பின்னால் வாருங்கள். 1921 வரையிலான கணக்கெடுப்புகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. பத்தாண்டு இடைவெளியில் ஒருவர் எங்கே போனார் என்று தெரியாவிட்டால், 1855இல் தொடங்கும் வீட்டு மதிப்பீட்டுப் பட்டியல்களில் வீட்டுக்காரர், குடியிருப்பவர் இருவரின் பெயரையும் பார்க்கலாம்.

ஊர்ப் பெயர் கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை

கிர்க்மைக்கேல் என்ற பாரிஷ் பெர்த்ஷயரிலும் உண்டு, ஏர்ஷயரிலும் உண்டு, பான்ஃப்ஷயரிலும் டம்ஃப்ரீஸ்ஷயரிலும் உண்டு. கவுண்டி தெரியாமல் அடுத்த அடி வைக்க வேண்டாம். பதிவில் இருப்பது பண்ணையின் பெயர் மட்டும் என்றால் ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இலவசமாகப் போட்டிருக்கும் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைந்த பழைய நிலப்படங்களைத் திறங்கள். இன்று ஆட்டு மேய்ச்சல் நிலமாக இருக்கும் இடத்தில் 19ஆம் நூற்றாண்டு வரைபடம் நாலைந்து கூரைகளைக் காட்டும். அதைச் சுற்றியுள்ள பாரிஷ்களின் எல்லைகளையும் பாருங்கள்: தங்கள் பாரிஷ் ஆலயம் மலைக்கு அப்பால் இருந்தால், ஆற்றங்கரையிலேயே இருந்த பக்கத்துப் பாரிஷ் ஆலயத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் வாங்கியிருப்பார்கள்.

‘அயர்லாந்து’ என்று மட்டும் எழுதியிருந்தால் கணக்கெடுப்பு அதற்கு மேல் உதவாது. அவர் கிளாஸ்கோவில் வாழ்ந்து எப்போதாவது வறுமை உதவி கேட்டிருந்தால், மிட்செல் நூலகத்தில் இருக்கும் வறியோர் சட்ட விண்ணப்பங்களைத் தேடுங்கள். எந்தப் பாரிஷ் செலவை ஏற்பது என்று தீர்மானிக்க வேண்டியிருந்ததால் அதிகாரிகள் பிறந்த ஊர், பெற்றோர், திருமணம், இதுவரை குடியிருந்த முகவரிகள் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டு எழுதினார்கள்.

உயிலில் மூத்த மகன் பெயர் இல்லை

குடும்பச் சண்டை என்று கதை கட்ட வேண்டாம். 1868 வரை ஸ்காட்லாந்தில் நிலத்தை உயில் எழுதி வைக்க முடியாது. நிலம் சட்டப்படி மூத்த மகனுக்கு. உயில் பேசுவதெல்லாம் மாடு, பணம், கட்டில், பாத்திரம் போன்ற அசையும் பொருள்களைத்தான். மூத்தவரை வாரிசு நிர்ணய ஆவணங்களிலும், 1617இல் தொடங்கும் சசைன் நிலப் பதிவேட்டிலும் தேடுங்கள். உயில் எழுதாமல் இறந்தவர்களுக்கும் நீதிமன்ற உறுதி ஆவணம், அதாவது சொத்தை இன்னார் பொறுப்பேற்கலாம் என்று நீதிமன்றம் தரும் ஆவணம், இருக்கலாம். 1925 வரையிலானவை ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் தளத்தில் இருக்கின்றன.

எழுத்தே புரியவில்லை

ஏறக்குறைய 1700க்கு முந்தைய கையெழுத்து வேறு வகை. கண் பழகத்தான் வேண்டும். தெரிந்த சொற்களிலிருந்து தொடங்குங்கள்: மாதப் பெயர்கள், ‘சட்டபூர்வ மகன்’ என்ற தொடர், சாட்சிகளின் பெயர்கள். அந்த எழுத்தரின் வடிவங்கள் பிடிபட்டதும் மற்றவை இளகும். தேதியில் ஒரு கண்ணி: ஸ்காட்லாந்தில் 1600 முதலே ஆண்டு ஜனவரி 1இல் பிறந்தது, இங்கிலாந்தில் 1752 வரை மார்ச் 25இல். எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் உறவு வைத்திருந்த குடும்பத்தில் பிப்ரவரித் தேதிகளை ஒப்பிடும்போது ஓராண்டு பிசகும்.

‘நாங்கள் குலத்தலைவரின் வம்சம்’ என்கிறது குடும்பம், ஆவணம் ஒத்துழைக்கவில்லை

ஒரே குடும்பப் பெயர் ஒரே இரத்தம் ஆகாது. தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்கள், அவர் பாதுகாப்பை நாடியவர்கள் அவர் பெயரை ஏற்றார்கள். மறுதலையும் நடந்தது: மெக்கிரெகர் என்ற பெயரே 1603இல் தடைசெய்யப்பட்டது, இடையில் சில காலம் தளர்ந்தாலும் 1774இல்தான் தடை முற்றாக நீங்கியது. அந்தக் காலத்தில் அவர்கள் கேம்பெல், டிரம்மண்ட், மரி என்று வேறு பெயர்களில் வாழ்ந்தார்கள். ‘உங்கள் குடும்பச் சின்னம்’ என்று கடைகளில் விற்பதை வாங்கி மாட்டுவதற்கு முன், ஸ்காட்லாந்தில் சின்னம் குடும்பத்துக்கு உரியதல்ல, சின்னங்களைக் கவனிக்கும் லார்ட் லயன் நீதிமன்றம் அங்கீகரித்த தனி ஒருவருக்கு உரியது என்பதை அறிந்துகொள்ளுங்கள். கீழிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறுவதுதான் முறை. புகழ்பெற்ற மூதாதையரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தால், நடுவில் எங்கோ ஒரு படியை நாமே செய்துகொள்வோம்.

ஒரு மகன் கிழக்கே கப்பல் ஏறினார், அதோடு காணவில்லை

இளைய மகன்கள் பலர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போனார்கள். சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ கிளாஸ்கோக்காரர். தென்னிந்தியச் சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்ஸி லூயிஸ் தீவின் ஸ்டார்னவேயிலிருந்து வந்தவர். இப்படிப்பட்ட பெரிய பெயர்களுக்கு வரலாறு இருக்கிறது. அவர்களுக்குக் கீழே பணியாற்றிய எழுத்தருக்கும் சார்ஜெண்டுக்கும் பதிவேடுதான் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1698இல் தொடங்கும் அந்தத் தொகுதி பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் ‘என்/2’ என்ற குறியில் இருக்கிறது. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்திலும் பார்க்கலாம். சென்னை எழும்பூரில் 1821இல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் ஸ்காட்லாந்துக்காரர்களின் ஆலயம். அதன் சுவர்களில் உள்ள நினைவுக் கற்களையும் படியுங்கள்.

இலங்கைக்குப் போனவரை அதே தொகுதியில் தேடி ஏமாறாதீர்கள். இலங்கை தனி முடியாட்சிக் குடியேற்றமாக இருந்தது. அதன் பதிவுகள் இந்திய அலுவலகத்தில் சேரவில்லை. கண்டிக்கு அருகே லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்ஷயரின் ஆக்கன்பிளே பகுதிக்காரர். அவரைப் போலத் தோட்டங்களுக்கு வந்த இளைஞர்களின் முடிவை மலையகத்துக் கல்லறைகளிலும் கண்டிக் கல்லறைத் தோட்டங்களிலும்தான் படிக்க வேண்டியிருக்கிறது. கல்லறைக் கல்லில் பெரும்பாலும் பிறந்த பாரிஷின் பெயர் இருக்கும்.

இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஒரு வழி உண்டு. வெளிநாட்டில் இறந்த ஸ்காட்லாந்துக்காரருக்குச் சொந்த நாட்டில் கொஞ்சம் சொத்து இருந்தால், அவர் எந்தக் கவுண்டியில் பிறந்திருந்தாலும், அதற்கான உறுதி ஆவணம் எடின்பரோ நீதிமன்றத்துக்குத்தான் போகும். ஆகவே அபர்டீனில் பிறந்து சென்னையில் இறந்தவரை எடின்பரோவின் பட்டியலில் தேடுங்கள். ஆவணம் கிடைத்தால் சொத்தைக் கோரியவர் யார் என்று பாருங்கள். மணமான சகோதரி என்றால் கணவர் பெயரோடு அவருடைய பிறந்த வீட்டுப் பெயரும் அங்கே இருக்கும். அந்தச் சகோதரியின் இறப்புப் பதிவு 1855க்குப் பிந்தையதாக இருந்தால் அதில் இருவருக்கும் பொதுவான தாயின் பெயர் கிடைத்துவிடும். அதைக் கொண்டு அபர்டீன் பாரிஷ் பதிவேட்டைத் திறங்கள்.